உருக்குச் சட்டகமும் கட்டடக் கலைஞரின் மறுபயிற்சியும்

2022 ஆம் ஆண்டு மார்ச்சு 17 ஆம் நாள் பெங்களூரில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று திறந்துவைக்கப்பெற்றது. டி.ஆர்.டி.ஓ. என்று சுருக்கமாக வழங்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வானூர்தி வளர்ச்சி நிலையத்தின் வளாகத்தில் எழுந்த அக்கட்டடத்தின் பரப்பு 1,30,000 சதுர அடி. போர் விமானங்களின் பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகளை ஆராய்வதற்கென்று அது அமைக்கப்பட்டது. ஆயினும் அன்று செய்தித்தாள்களின் கவனத்தைக் கவர்ந்தது அங்கு நிகழவிருந்த ஆராய்ச்சி அன்று. அக்கட்டடம் 45 நாட்களில் எழுப்பப்பட்டது என்ற செய்தியே ஆகும்.

இது எவ்வாறு இயன்றது? அக்கட்டடத்தின் தூண்களும் உத்தரங்களும் உருக்குத் தகடுகளால் ஆனவை. உள்ளீடற்ற பெட்டிகளாக அவை தொழிற்கூடத்தில் ஓரளவு இணைக்கப்பட்டுப் பின்னர் கட்டுமிடத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றை நிறுத்திப் பொருத்தும்போதே உள்ளே கான்கிரீட் நிரப்பப்பட்டது. சாதாரணக் கட்டடத்தில் கான்கிரீட்டுக்கு அச்சாகப் பலகை அடைத்து, இறுகும்வரை காத்திருந்து, பலகையைப் பிரித்து, மீண்டும் மேல்தளத்திற்கு அடைக்கவேண்டும். இங்கோ உருக்குப் பெட்டியே அச்சு, அதைப் பிரிக்கவேண்டியதில்லை. உள்ளே இருக்கும் கான்கிரீட், மெல்லிய உருக்குச் சுவர் உட்புறமாக நெளியாமல் தாங்குகிறது. ஒன்றற்கொன்று துணையான ஏற்பாடு இது. வடிவமைப்பைச் சரிபார்க்கும் பணியில் சென்னை, ரூர்க்கி ஆகிய இடங்களிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் குழுவினர் உதவினர்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அடிக்கல் நாட்டப்பட்டது 2021 நவம்பர் 22 ஆம் நாள். கட்டுமானம் துவங்கியதோ 2022 பிப்ரவரித் தொடக்கத்தில். கட்டுமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்த நாட்களே 45. உருக்குக் கட்டடம் எதுவாயினும் அதன் பெரும்பகுதி வரைபட மேசையிலேயே கட்டி முடிக்கப்படுகிறது. ஒவ்வொரு தகடும் எங்கே வெட்டப்படவேண்டும், ஒவ்வொரு துளையும் எங்கே இடப்படவேண்டும் என்பது முதல் தூண் நிற்பதற்கு முன்னரே முடிவாகிவிடவேண்டும். கான்கிரீட்டில் பழகிய கட்டடக் கலைஞர் ஒருவருக்கு இதுவே பெரும் இடர்ப்பாடு. அவர் உருக்கைப் பற்றி அறியாதவர் அல்லர். ஆனால் முடிவுகளைப் பிற்பாடு எடுக்கும் பழக்கம் உடையவர்.

இரும்பை முன்பே அறிந்த நகரம்

பெங்களூர் இரும்புச் சட்டகத்திற்குப் புதிய ஊர் அன்று. லால்பாக் பூங்காவிலுள்ள கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30 ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. கடல் கடந்து ஸ்காட்லாந்திலிருந்து வந்த வார்ப்பிரும்புப் பாகங்களை இங்கே பொருத்தியே அதனை எழுப்பினர். தொலைவில் செய்து, அருகில் பொருத்துவது என்னும் முறை அன்றே இந்நகர மக்களின் கண்முன் நின்றது. மைசூர் அரசு பத்ராவதியில் நிறுவிய இரும்பாலை 1923 இல் உற்பத்தியைத் துவங்கியது. விசுவேசுவரய்யாவின் மேற்பார்வையில் வளர்ந்த அவ்வாலை 1930களில் உருக்கும் செய்யலாயிற்று.

அவ்வாறிருந்தும் இரண்டு மூன்று தலைமுறைக் கட்டடக் கலைஞர்கள் உருக்கைத் தொடாமலேயே தொழில் நடத்தியதற்குக் காரணம் பொருளாதாரமே. விடுதலைக்குப் பின் உருக்கு கிடைத்தற்கரிய பண்டமாக இருந்தது. அதன் விலையும் வினியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. அணைகளுக்கும் பாலங்களுக்கும் இரயில்வேக்கும் போக எஞ்சியதே வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்தது. சிறிதளவு கம்பியையும் பெருமளவு சிமெண்டையும் மனித உழைப்பையும் கொண்டு கட்டும் கான்கிரீட் முறை இயல்பாகவே நாட்டின் முறையாயிற்று. கல்லூரிகளும் அதனையே கற்பித்தன. கட்டுப்பாடு 1992 சனவரியில் நீங்கியது. 2018 முதல் இந்தியா உலகின் இரண்டாவது பெரிய உருக்கு உற்பத்தி நாடாக விளங்குகிறது. பண்டம் வந்துவிட்டது, பயிற்சி வந்து சேரவில்லை.

உருக்குக் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பு ஐ.எஸ். 800 எனப்படும். 1956 இல் முதன்முதல் வெளிவந்த அது 1962 இலும் 1984 இலும் திருத்தப்பட்டது. 2007 இல் வெளிவந்த திருத்தமோ கணக்கிடும் முறையையே மாற்றிவிட்டது. பொருளில் எழும் தகைவு இவ்வளவுக்கு மேற்படலாகாது என்று ஒரே எல்லை வகுப்பது பழைய முறை. உடைதல், நெளிதல், தொய்தல், அதிர்தல் என்று கட்டடம் பயனற்றுப்போகும் நிலை ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, சுமைக்கு ஒரு காப்பெண்ணும் பொருளுக்கு ஒரு காப்பெண்ணும் இட்டுப் பார்ப்பது புதிய முறை. 2007 க்கு முன் பட்டம் பெற்ற ஒருவர், தம் பொறியாளர் பேசும் மொழியே மாறிப்போனதை உணராமல் இருக்கக்கூடும்.

உருக்கு என்றாலே மக்களிடம் ஐயமும் உண்டு. பெங்களூரில் பசவேசுவர வட்டத்திலிருந்து ஹெப்பாள் வரை திட்டமிடப்பட்ட உருக்கு மேம்பாலத்தை எதிர்த்து 2016 இல் மக்கள் கைகோத்து நின்றனர். 2017 மார்ச்சில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவர்களின் குறை மரங்களையும் செலவையும் பற்றியதேயன்றி உலோகத்தைப் பற்றியதன்று. ஆயினும் "உருக்கு" என்னும் சொல் சிலகாலம் நகரில் கசந்தது உண்மை.

இணைப்பின் இரகசியம்

மறுபயிற்சி என்பது யாது? பொறியாளரின் கணக்குகளைக் கட்டடக் கலைஞர் மனப்பாடம் செய்வது அன்று. எங்கே கேள்வி கேட்கவேண்டும் என்பதை அறிவதே அதன் சாரம்.

உத்தரத்தின் வடிவத்தை நம் ஊர்த் தச்சர் நன்கறிவார். பனங்கையைக் கூரையில் படுக்கை வசத்தில் வைக்கமாட்டார், நிறுத்தியே வைப்பார். உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதை அவர் கணக்கின்றியே அறிந்துள்ளார். உருக்கு உத்தரம் இதே அறிவின் முதிர்ச்சி. மேலும் கீழும் அகன்ற பட்டைகள், நடுவே மெல்லிய தகடு. வளையும்போது மேற்பட்டை நெருக்குண்டு, கீழ்ப்பட்டை இழுபடுகிறது. நடுப்பகுதிக்கு வேலை குறைவு, ஆகவே அங்கே உலோகமும் குறைவு. 300 மில்லிமீட்டர் உயரமுள்ள இந்திய நடுத்தர வகை உத்தரம் ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறக்குறைய 45 கிலோகிராம் எடையே உடையது.

ஆனால் உத்தரங்கள் தாமே முறிந்து கட்டடங்கள் வீழ்வது அரிது. அவை சேருமிடத்திலேதான் ஆபத்து உறைகிறது. இதற்குக் கட்டடக் கலைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தில் ஹயாத் ரீஜென்சி என்னும் விடுதி 1980 இல் திறக்கப்பட்டது. அதன் நடுக்கூடத்தின் குறுக்கே உருக்கு நடைபாலங்கள் தொங்கின. நான்காம் மாடிப் பாலமும் அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலமும் கூரையிலிருந்து இறங்கிய ஒரே நீளக் கம்பிகளில் தொங்குவதாக முதலில் வரையப்பட்டது. அவ்வளவு நீளக் கம்பியில் பாதிவரை மரை வெட்டிச் சுரையை ஏற்றுவது தொல்லை என்று கருதிய செய்பொருளகத்தார், கம்பியை இரண்டாக்க யோசனை கூறினர். கூரையிலிருந்து மேற்பாலத்திற்கு ஒரு கம்பி. மேற்பாலத்தின் உத்தரத்திலிருந்து கீழ்ப்பாலத்திற்கு மற்றொரு கம்பி. பார்வைக்கு யாதொரு வேற்றுமையும் இல்லை. மாற்றம் ஏற்கப்பட்டது.

நம் வீட்டு உறியை நினைத்துப் பார்ப்போம். இரண்டு பானைகளையும் ஒரே கயிற்றில் தனித்தனி முடிச்சிட்டுத் தொங்கவிட்டால் ஒவ்வொரு முடிச்சும் தன் பானையை மட்டும் தாங்கும். கீழ்ப்பானையை மேற்பானையின் விளிம்பில் கட்டித் தொங்கவிட்டால், கயிறு அறாவிட்டாலும் மேல் முடிச்சு இரண்டு பானைகளின் பாரத்தையும் ஏற்கவேண்டும். அவ்விடுதியில் நிகழ்ந்தது இதுவே. மேற்பாலத்தின் இணைப்பில் சுமை இரட்டித்தது. 1981 சூலை 17 ஆம் நாள் மாலை, கூடத்தில் நடன விழா நிகழ்ந்துகொண்டிருந்தபோது, பெட்டி உத்தரத்தின் பற்றவைத்த விளிம்பு பிளந்து, சுரை அதனூடே இழுக்கப்பட்டது. இரு பாலங்களும் வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர். இருநூறு பேருக்கு மேல் காயமுற்றனர். பின்னர் ஆராய்ந்த நிபுணர்கள், முதல் வரைபடத்திலிருந்த இணைப்பே நகர விதி கோரிய வலுவில் ஏறக்குறைய 60 விழுக்காடே உடையது என்று கண்டனர். மாற்றம் அதனையும் பாதியாக்கிற்று. பொறியாளர் இருவர் தம் உரிமத்தை இழந்தனர்.

கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும் காரியம். யாரும் போடவில்லை. அந்த இணைப்பைக் கணக்கிடுவது மற்றவரின் வேலை என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தனர். தொழிற்கூடத்திலிருந்து வரும் பட்டறை வரைபடம் என்பது கையொப்பமிட்டு அனுப்பும் காகிதம் அன்று. கட்டடமே அதுதான் என்பதைப் பயிற்சி வகுப்பில் இந்நிகழ்ச்சியைப்போல் வேறொன்றும் உணர்த்துவதில்லை.

நெருப்பும் வெயிலும்

உருக்கு எரியாது. இவ்வுண்மை பலரை ஏமாற்றியுள்ளது. உருகுவதற்கு ஏறக்குறைய 1,500 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் வேண்டுமாயினும் 550 டிகிரி அளவிலேயே அது தன் வலுவில் பாதியை இழந்துவிடுகிறது. தீச்சோதனைகளுக்கென வகுத்த நியம வளைகோட்டின்படி உலையின் வெப்பம் ஒரு மணி நேரத்தில் 945 டிகிரியை எட்டுகிறது. காப்பின்றி நிற்கும் சாதாரண உத்தரம் பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிடத்திற்குள் தளர்ந்துவிடும். தடித்த தோசைக்கல் மெல்லச் சூடேறுகிறது, மெல்லிய மூடி உடனே சூடேறுகிறது அல்லவா? அதுபோலவே கனத்த தூணுக்கு மெல்லிய காப்பும், மெல்லிய உத்தரத்திற்குக் கனத்த காப்பும் தேவை. அழகுக்காக உத்தரங்களை மெலிதாக்கும் கட்டடக் கலைஞர் தீக்காப்பின் செலவைத் தம்மையறியாமலே ஏற்றுகிறார்.

காப்பு பலவகைப்படும். கான்கிரீட்டால் மூடுதல், ஜிப்சம் பலகையால் பெட்டியிடுதல், வெர்மிகுலைட் சாந்தைத் தெளித்தல், சூட்டில் நுரைத்துப் பொங்கிக் கரிப்படலமாகும் வண்ணத்தைப் பூசுதல் என்பன முக்கியமானவை. உருக்கின் வடிவத்தை வெளியே காட்டவேண்டும் என்று விரும்புவோர் நான்காவதை நாடுகின்றனர். அதுவே விலை மிகுந்தது. எதைத் தேர்ந்தாலும் அதன் கனம் வரைபடத்தில் முன்பே இடம்பெறவேண்டும். இல்லையேல் கதவுச் சட்டமும் மேற்கூரைப் பலகையும் இடிக்கும். டி.ஆர்.டி.ஓ. கட்டடத்தின் கான்கிரீட் நிரம்பிய தூண்களுக்கு இவ்வகையிலும் ஒரு நன்மை உண்டு. உள்ளிருக்கும் கான்கிரீட் வெப்பத்தை வாங்கிக்கொண்டு உருக்கின் சூட்டைத் தாமதப்படுத்துகிறது.

வெயிலும் கணக்கில் வரவேண்டும். 40 மீட்டர் நீளக் கூரை உத்தரம் ஒன்று, காலைக் குளிரிலிருந்து உச்சி வெயிலுக்குள் 30 டிகிரி சூடேறினால் 14 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீள்கிறது. கான்கிரீட்டும் ஏறக்குறைய இவ்வளவே விரியக்கூடியது. எனினும் கூரையில் மறைவின்றிக் கிடக்கும் மெல்லிய உருக்கு விரைவில் சூடேறுவதால், அதனுடன் இறுகப் பிணைத்த கண்ணாடியும் செங்கற்சுவரும் அன்றே விரிசல் காண்கின்றன. பெங்களூரின் இதமான வானிலையை நம்பி இதனை மறப்பவர் பலர்.

அளவின் துல்லியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 20 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இடும் துளை 22 மில்லிமீட்டர். விளையாட்டு இரண்டே மில்லிமீட்டர். ஆங்கிலத்தில் இத்தகைய விலக்கத்தை 'டாலரன்ஸ்' என்பர். மொழிபெயர்ப்பாளருக்குத் தொல்லை தரும் சொல் இது. சகிப்புத்தன்மை என்று எழுதினால் நகைப்புக்கிடம். 'பொறுதி' என்று எழுதிப் பார்க்கலாம். ஆனால் தமிழ்க் கொத்தனாரிடம் இதற்குப் பழகிய சொற்றொடர் ஒன்று முன்பே உண்டு. "பூச்சில் சரிப்படுத்திக்கொள்ளலாம்" என்பார் அவர். அவ்வாக்கியம் செல்லாத இடம் உருக்குக் கட்டடம்.

வகுப்பறை எங்கே?

தகடுகளின் கனம் குறையக் குறைய இத்துல்லியம் மேலும் இன்றியமையாததாகிறது. பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லிமீட்டர் கனமே உள்ள, துத்தநாகம் பூசிய தகட்டைச் சூடேற்றாமலே உருளைகளுக்கிடையே செலுத்தி மடித்துச் செய்யும் மெல்லுருக்குச் சட்டகம் இப்போது வீடுகளுக்கும் வந்துவிட்டது. தட்டையான காகிதம் தன் பாரத்தையே தாங்காது. ஓரத்தை மடித்தால் நிற்கும். மெல்லுருக்கின் வலிமை முழுவதும் அம்மடிப்பிலேயே உள்ளது. மின்கம்பி செல்லவேண்டும் என்று மின்பணியாளர் அம்மடிப்பை வெட்டிவிட்டால் தூண் காகிதமாகிவிடும். ஆகவே துளைகள் ஆலையிலேயே உரிய இடத்தில் இடப்படுகின்றன.

இதனை நேரில் காண மைய அரசு ஏற்பாடு செய்ததுண்டு. 2021 சனவரி முதல் நாள் இந்தூர், ராஜ்கோட், சென்னை, ராஞ்சி, அகர்தலா, லக்னோ ஆகிய ஆறு நகரங்களில் புதுமுறை வீட்டுத் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஒவ்வோரூரிலும் ஒவ்வொரு முறை. சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் எழுந்த 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன. நிலநடுக்க அபாயம் மிகுந்த திரிபுராவின் தலைநகரான அகர்தலாவுக்கு மெல்லுருக்குச் சட்டகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கட்டடத்தின் எடை குறைந்தால் நிலநடுக்கத்தில் அதனை உலுக்கும் விசையும் குறையும். இவ்விடங்கள் உயிருள்ள ஆய்வுக்கூடங்கள் என அறிவிக்கப்பட்டன. மாணவர்களும் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் "டெக்னோகிராகி" என்ற பெயரில் பதிவு செய்துகொண்டு, வேலை நடக்கும்போதே பார்வையிட வழி செய்யப்பட்டது. அதே நாளில் "நவரீதி" என்ற சான்றிதழ் வகுப்பும் தொடங்கப்பட்டது.

வேறு வாயில்களும் உள. கல்கத்தாவில் 1996 இல் தோன்றிய உருக்கு வளர்ச்சிக் கழகமான இன்ஸ்டாக், தொழில் புரிவோருக்குப் புத்தறிவு வகுப்புகளை நடத்திவருகிறது. சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் அவ்வாறே குறுகிய காலப் பயிற்சிகளை அளிக்கிறது. ஏழு தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003 இல் துவங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் உருக்குக் கட்டமைப்பு பற்றிய விரிவுரைகளை வீட்டிலிருந்தே கட்டணமின்றிக் கேட்கலாம்.

இவற்றையெல்லாம் நாடவேண்டும் என்று கட்டாயம் உண்டா? பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகம் தன் உறுப்பினரிடம் ஆண்டுக்கு 35 மணி நேரப் படிப்பைக் கோருகிறது. அமெரிக்கக் கழகம் 18 மணி நேரம் கோருகிறது. நம் நாட்டின் 1972 ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டத்தின் வாசகம் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் கேட்கிறதேயன்றிப் படித்த நேரத்தைக் கேட்கவில்லை. கட்டாயம் வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஆனால் குளிரூட்டிய மண்டபத்தில் விற்பனையாளர் ஒருவர் தம் பொருளைப் புகழ்வதைக் கேட்டுவிட்டுச் சான்றிதழ் பெறுவது படிப்பாகாது. பாதி நேரமாவது தொழிற்கூடத்தில் கழியவேண்டும்.

அத்தகைய கூடம் ஒன்றைப் பெங்களூர்ப் புறநகரில் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. தகடு வெட்டும் பொறி முன்னே நின்றது. அதன் அருகே ஒவ்வோர் உத்தரத்தின் மீதும் வெள்ளை வண்ணத்தில் அதன் எண், தளம், திசை எல்லாம் எழுதப்பட்டிருந்தன. வாயிலின் பக்கத்தில் தனியே ஒரு நீண்ட உத்தரம் கிடந்தது. பூச்செல்லாம் முடிந்து வண்டியேறக் காத்திருந்த அவ்வுத்தரத்தில் குளிர்காற்றுக் குழாய்க்கு ஒரு துவாரம் வேண்டும் என்று கட்டடக் கலைஞரின் அலுவலகத்திலிருந்து அன்று காலைதான் செய்தி வந்ததாம். துவாரம் கேட்கப்பட்ட இடம் தூணை ஒட்டிய கடைசி முழம். தகட்டில் வெட்டுவிசை மிகும் இடம் அது. நடுப்பகுதியிலாயின் வெட்டித் தரலாம் என்றார் மேற்பார்வையாளர். இங்கே வெட்டினால் சுற்றிலும் தகடு வைத்துப் பற்றவைக்கவேண்டும். அதற்குப் பொறியாளர் மீண்டும் கணக்கிடவேண்டும். தீக்காப்பு வண்ணத்தைச் சுரண்டி மீண்டும் பூசவேண்டும். ஒன்பது நாட்கள் ஆகும் என்று விரல்விட்டு எண்ணினார். குழாயை ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொண்டுபோகலாகாதா என்று கேட்டோம். "அதைத்தான் சார், நானும் மூன்று மாதத்திற்கு முன் கடிதத்தில் கேட்டேன்" என்றார் அவர்.